வாணத்தின் கீழ் நாம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தபோது, "அமெரிக்கா போய் வந்தீர்களே, வாஷிங்டனில் விடுதலை நாள் வாணவேடிக்கை பார்த்ததைச் சொல்லுங்கள், விழாவுக்குப் பொருத்தமாக இருக்கும்" என்றார். பொருத்தம்தான். விழா என்றால் வெளிச்சம் வேண்டும். ஆயினும் பயணக் கட்டுரை படிக்க நான் வரவில்லை. அந்த இரவு என் மனத்தில் எழுப்பிய ஒரு வினாவை, கவிதை எழுதுகிற உங்கள் முன் வைக்கலாம் என்றே வந்திருக்கிறேன். ஒரு நாட்டின் விழாவில், வேடிக்கை பார்க்க வந்த அயலான் எந்த இடத்தில் நிற்கிறான்? அவன் சொல்லத் தகும் சொல் ‘நாம்’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா? இதுவே அந்த வினா.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். சொல்லை நம்பி வாழ்கிறவர்கள் கூடிய அவை அல்லவா இது! வாணவேடிக்கை என்கிறோம். அதில் வரும் வாணம் தலைக்கு மேல் இருக்கிற வானம் அன்று, டண்ணகர வாணம். வடமொழிப் பாணம் என்பதன் வழி வந்த சொல். அம்பு என்பது அதன் பொருள். பழைய நாளில் இந்நாட்டுப் படைகளில் எறிபடையாக வழங்கிய தீக்குழலுக்கும் பாணம் என்றே பெயர். ஆக, வாணவேடிக்கை என்னும் சொல்லின் முற்பாதி போர்க்களத்தது, பிற்பாதி திருவிழாவினது. தேர்த் திருவிழாவில் வாணம் விடும்போது நாம் இதனை நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய தேவையும் அங்கே எழுவதில்லை. ஒரு நாடு தன் பிறந்த நாளைக் கொண்டாட வாணம் விடும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏனெனில் அந்த நாடு போரில் பிறந்தது.

2018ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மேரிலாந்து மாநிலத்தில் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கிருந்து தலைநகர் வாஷிங்டன் எட்டும் தொலைவுதான். ஜூலை 4 விடுதலை நாள். காலையில் தேசிய ஆவணக் காப்பகத்தின் படிகளில் அக்கால உடை அணிந்தவர்கள் நின்று, 1776ஆம் ஆண்டின் விடுதலைச் சாற்றுரையை வாய்விட்டுப் படிப்பது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம். உள்ளே, மங்கிய ஒளியில், அந்தச் சாற்றுரையின் மூலத்தாளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். எழுத்து வெளிறிப்போய், பல இடங்களில் படிக்கவே இயலாத நிலை. வெளியே உரத்த குரல். உள்ளே மறைந்துகொண்டிருக்கும் மை. ஓர் ஏட்டின் முன் இவ்வளவு கூட்டம் வரிசையில் நிற்பதைக் கண்டபோது, ஏடு காத்த மரபினராகிய நமக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

பகலில் அரசியலமைப்பு நிழற்சாலையில் அணிவகுப்பு. பிறகு மக்கள் வெள்ளம், சோதனைச் சாவடிகளில் பைகளைத் திறந்து காட்டிவிட்டு, நாடாளுமன்ற மாளிகைக்கும் லிங்கன் நினைவகத்துக்கும் இடையே கிடக்கும் நீண்ட புல்வெளியில் விரிப்புகளை விரித்து அமர்கிறது. ஜூலை மாதத்து வாஷிங்டன் நம் சென்னையைப் போலவே புழுங்கும். எங்களுக்கு இடம் கிடைத்தது வாஷிங்டன் நினைவுத்தூண் நிற்கும் மேட்டின் சரிவில். 555 அடி உயரமுள்ள அந்தக் கல்தூண் எங்கள் பின்னால். எதிரே, சரிவுக்குக் கீழே, 2000 அடிக்கு மேல் நீண்டு கிடக்கும் நீர்த்தடாகம். அதற்கப்பால் லிங்கன் நினைவகம். அந்தத் தடாகத்தின் ஓரங்களிலிருந்துதான் வாணங்கள் ஏவப்படுகின்றன.

எங்கள் இடப்பக்கம் எத்தியோப்பியாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம். வலப்பக்கம் வயது முதிர்ந்த வெள்ளையர் இருவர், கணவனும் மனைவியும், மடக்கு நாற்காலிகளில். அந்த அம்மையார் எங்களுக்குத் தர்ப்பூசணித் துண்டுகளை நீட்டினார். நாங்கள் முறுக்கைக் கொடுத்தோம். "இதற்குப் பெயர் என்ன?" என்று கேட்டு, இருமுறை சொல்லிப் பார்த்தார். றகரம் அவருக்கு வசப்படவில்லை.

ஒன்பது மணி கடந்த சில நிமிடங்களில் தொடங்கியது. கீழே ஒரு கனத்த ‘தும்’. பிறகு ஒரு மௌனம். கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று ஏறிக்கொண்டிருக்கிற மௌனம். அதன்பின் வானம் பூத்தது. பூத்ததற்கும் ஓசை வந்து நெஞ்சில் மோதியதற்கும் இடையே இரண்டு நொடிக்கு மேலாயிற்று. ஒளி முன்னே ஓடி வருகிறது. ஓசை நடந்துதான் வருகிறது. இந்தக் கலையை ஆள்வோர் வடிவங்களுக்குப் பூவின் பெயரும் மரத்தின் பெயருமாகவே வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்குச் சாமந்தி என்று பெயர், ஒன்றுக்குப் பனை. பொன்னிறத் தாரைகள் வளைந்து வளைந்து இறங்கி, அணையாமல் நெடுநேரம் தொங்கும் வகை ஒன்று உண்டு; அதைப் பார்த்தபோது எனக்குத் தென்னோலைதான் தோன்றியது. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குச் செம்பு. இவற்றுள் நல்ல நீலம் வாய்ப்பதுதான் அரிது என்பர். வெப்பம் சற்று மிகுந்தால் நீலம் தரும் சேர்மம் சிதைந்துவிடுமாம். மென்மையான நிறம் பெருநெருப்பில் நிற்பதில்லை என்பதைக் கவிஞர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வாணத்துக்கும் அந்தப் பெருங்கூட்டத்திலிருந்து ‘ஓ’ என்று ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரலுக்கு மொழி இல்லை. எத்தியோப்பியக் குழந்தையின் ‘ஓ’, முதியவரின் ‘ஓ’, என் ‘ஓ’ எல்லாம் ஒன்றே. இருபது நிமிடத்துக்கும் குறைவான அந்த நேரத்தில் என்னை யாரேனும் கேட்டிருந்தால், ‘நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்றே சொல்லியிருப்பேன், தயங்கியிருக்க மாட்டேன்.

அன்பர்களே, தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. முன்னிலையில் நிற்பவனையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் நாம்; அவனை வெளியே நிறுத்தினால் நாங்கள். இந்த உளப்பாட்டுத் தன்மைப் பன்மை நம் மொழியின் செல்வங்களுள் ஒன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அமெரிக்கர்களின் விடுதலைச் சாற்றுரை, எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்னும் உண்மையை அறிவிக்கும் இடத்தில், அந்த ஒற்றைச் சொல்லைத்தான் எழுவாயாக வைக்கிறது. பின்னர் எழுந்த அரசியலமைப்பின் முதற்சொல்லும் அதுவே. இவற்றைத் தமிழாக்க அமர்கிறவன் முதல் அடியிலேயே நின்றுவிடுவான். இது நாமா? நாங்களா? ஆங்கிலம் அவனுக்கு விடை சொல்லாது. அந்நாட்டின் வரலாறுதான் சொல்ல வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த வரலாறு இவ்வொரு வினாவுக்கே விடை தேடிக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து.

வரலாற்றைச் சற்றே பார்ப்போம். பிரிந்து போவதென்று மாமன்றம் வாக்களித்தது 1776 ஜூலை 2. சாற்றுரையை ஏற்றது ஜூலை 4. இடையில் 3ஆம் நாள் ஜான் ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதிய மடலில், வருங்காலத் தலைமுறைகள் இந்நாளை மணியோசையோடும் பீரங்கி முழக்கத்தோடும் ஒளியலங்காரத்தோடும் கொண்டாடும் என்று முன்னறிந்து எழுதினார். நாளைத்தான் அவர் 2 என்று கருதினார். மறு ஆண்டு, 1777 ஜூலை 4, பிலடெல்பியா நகரில் முதல் ஆண்டு நிறைவைக் கொண்டாடியபோது, வாணவேடிக்கை பதின்மூன்று வாணங்களோடு தொடங்கிப் பதின்மூன்று வாணங்களோடு முடிந்தது. பதின்மூன்று குடியேற்றங்களுக்கு ஒன்றாக அந்தக் கணக்கு. வண்ணங்கள் அப்போது கிடையா; பொன்னும் செம்பொன்னுமான நெருப்பு நிறம் மட்டுமே. போர் முடிந்துவிடவும் இல்லை. அதே செப்டம்பரில் அந்த நகரம் பகைவர் கைக்குப் போயிற்று. வெற்றி பெற்றவர்கள் விட்ட வாணம் அன்று அது. வெல்வோமா என்று அறியாதவர்கள் விட்ட வாணம். அதனால்தான் எனக்கு அதன்மேல் மதிப்பு.

வாஷிங்டன் நகரம் வேறொரு நெருப்பையும் கண்டது. 1814 ஆகஸ்ட் 24 அன்று ஆங்கிலேயப் படை நகருக்குள் புகுந்து நாடாளுமன்றத்தையும் குடியரசுத் தலைவர் மாளிகையையும் எரித்தது. மூன்று வாரம் சென்றபின் அப்படை அருகிலுள்ள பால்டிமோர் துறைமுகத்தின் மெக்கென்றிக் கோட்டையைக் கப்பல்களிலிருந்து 25 மணி நேரம் தாக்கிற்று. அத்தாக்குதலில் குண்டுகளோடு வாணங்களும் ஏவப்பட்டன. காங்கிரீவ் வாணம் என்பது அவற்றின் பெயர். சிறைப்பட்ட ஒருவரை மீட்கச் சென்று, ஆற்றிலே ஒரு படகில் தடுத்து வைக்கப்பட்டிருந்த பிரான்சிஸ் ஸ்காட் கீ என்னும் வழக்கறிஞர், விடிய விடிய அந்த வெளிச்சத்தைப் பார்த்திருந்தார். விடிந்தபோது கோட்டையில் தம் நாட்டுக் கொடி பறப்பதைக் கண்டு அவர் எழுதிய பாட்டே 1931இல் அமெரிக்க நாட்டுப்பண் ஆயிற்று. அந்தப் பாட்டுக்குள் வாணத்துக்கும் இடம் இருக்கிறது. குறி தவறுவதற்குப் பேர்போன படைக்கலம் அது. கோட்டையை அதனால் வீழ்த்த முடியவில்லை. பாட்டில் மட்டும் குறி தவறாமல் போய்த் தைத்துவிட்டது.

இனி நான் சொல்லப் போவதைக் கேட்டதும் நீங்கள் கைதட்டுவீர்கள். அது எனக்குத் தெரியும். அந்தக் காங்கிரீவ் வாணத்தின் மூதாதை நம் நாட்டது. இரும்புக் குழலில் மருந்து திணித்து மூங்கிற் கழியில் பிணைத்த மைசூர் வாணங்கள் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோர் படைகளில் பேர் பெற்றவை. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் நடந்த போரில் பெய்லி என்னும் ஆங்கிலத் தளபதியின் படை அழிந்தது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததே அதற்கு ஒரு காரணம் என்றும், அந்தத் தீயை மூட்டியது வாணம் என்றும் சொல்வர். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போர் ஓவியமாக நிற்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கே கைப்பற்றிய வாணங்கள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றை ஆராய்ந்தே வில்லியம் காங்கிரீவ் தம் வாணத்தைச் செய்தார். புள்ளலூரில் பறந்த தீ, பதினைந்து ஆண்டு பழகி, முப்பத்து நான்காம் ஆண்டில் பால்டிமோரில் பறந்து, ஒரு நாட்டுப்பண்ணுக்குள் புகுந்துகொண்டது.

நினைத்தபடியே கைதட்டினீர்கள். மகிழ்ச்சி. இப்போது அந்தக் கைதட்டலையே ஒரு கேள்வி கேட்கிறேன். ‘நம் வாணம்’ என்று பெருமை கொண்டோமே, அந்த ‘நம்’ யார்? வாணம் மைசூருடையது. எதிரே நின்றது கும்பெனிப் படை. அந்தப் படையில் துப்பாக்கி தூக்கியவருள் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். நடுவில் கிடந்தவை தமிழ்நாட்டு ஊர்கள். அந்த ஆண்டில் மைசூர்ப் படையெடுப்பால் எரிந்த சிற்றூர்களும் அழிந்த பயிர்களும் ஏராளம். வாணம் சீறிப் பறந்த இரவில், புள்ளலூர் உழவன் ஒருவன் தன் வைக்கோற் போரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான். அவனும் அந்த ‘நம்’மில் சேர்ந்தவனா? அவனைக் கேட்டுத்தானா நாம் கைதட்டினோம்?

யாரையும் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. வாணம் மேலே போய்ப் பூக்கும்போது அதைப் பார்ப்பவர் எல்லோரும் ஒன்றாகிவிடுவது இயல்பு. கீழே விழும்போதுதான் அது ஆளைப் பிரித்துவிடுகிறது. விழா எழுப்பும் ‘நாம்’ மெய்யானதா என்பதைச் சோதிக்க வேண்டுமானால், அந்த ஓசையை வேறு விதமாகக் கேட்கிறவர்கள் உண்டா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

தேட வேண்டிய அவசியமே இல்லாமல் அவர்கள் அருகிலேயே இருந்தார்கள். வாணம் ஏவப்படும் நீர்த்தடாகத்துக்குச் சற்றே வடக்கில் வியட்நாம் போர் நினைவுச் சுவர். 1982இல் எழுப்பப்பட்டது. மாயா லின் என்னும் பெண், மாணவியாக இருந்தபோது வரைந்து தந்த வடிவம். நிலத்துக்குள் சாய்ந்திறங்கும் கறுப்புக் கருங்கற் பலகைகளில் 58,000த்துக்கும் மேற்பட்ட பெயர்கள். முதல் நாள் மாலை அங்கே போயிருந்தேன். ஒருவர் ஒரு பெயரின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக்கொண்டிருந்தார். நம் கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படி எடுப்பது நினைவுக்கு வந்தது. மறுநாள் இரவு வாணங்கள் வெடித்தபோது, மெருகேற்றிய அந்தக் கல்லில் அவ்வொளி எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். மகன் குடியிருந்த தெருவில் ஒரு வீட்டின் புல்தரையில் சிறு பலகை நட்டிருந்தது. போரிலிருந்து திரும்பிய ஒருவர் இங்கே வசிக்கிறார், வெடி வெடிப்பதில் கருணை காட்டுங்கள் என்பது அதன் கருத்து. விடுதலைக்காகப் போரிட அனுப்பப்பட்டவரே விடுதலை நாளின் ஓசையைத் தாங்க மாட்டாதவராகிறார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மருமகளின் தோழி ஒருவர் யாழ்ப்பாணத்தவர். அவர் வீட்டிலிருந்து நாங்கள் எல்லோரும் சேர்ந்து புறப்படுவதாக ஏற்பாடு. தோழியின் தாயார் எண்பதை நெருங்கியவர். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர ஊரை விட்டு வெளியேறிய அந்த மழை இரவில், தலையில் ஒரு பையோடு நடந்தவர். "வாருங்கள் அம்மா, நாற்காலி எடுத்துக்கொள்கிறோம்" என்று அழைத்தேன். அவர் சிரித்தார்.

"நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ தம்பி. எனக்கு வெளிச்சத்திலை பயமில்லை. குத்துற சத்தம் கேட்டால் மனம் தன்பாட்டிலை எண்ணத் தொடங்கிவிடும். எங்கை விழப்போகுதெண்டு."

ஷெல் ஏவப்படும் முதல் ஓசையை அங்கே ‘குத்துற சத்தம்’ என்பார்கள். அது கேட்டதிலிருந்து விழும்வரை எண்ணுவார்களாம். நான் மேட்டுச் சரிவில் ரசித்தேன் என்று சொன்ன அந்த ‘தும்’, அதன் பின் வந்த மௌனம், இரண்டும் அவருக்கு வேறு பாடம். அந்த வேடிக்கைக் கலைஞர்கள் தாம் ஏவும் குழாயை மோர்ட்டார் என்றும் ஏவும் உருண்டையை ஷெல் என்றும்தான் ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள். படைக்கலத்தின் பெயர் மாறவே இல்லை. அந்த அம்மையார் அன்றிரவு தொலைக்காட்சியில் ஓசையை அடைத்துவிட்டு வாணவேடிக்கையைப் பார்த்தார். திரும்பி வந்து எப்படி இருந்தது என்று கேட்டேன். "வடிவாய் இருந்தது. மேலை வெடிக்கட்டும், நிலத்திலை விழாமல் இருந்தால் காணும்" என்றார். விழாவை அவர் வெறுக்கவில்லை. அந்த நாடு அவருடைய பேரப்பிள்ளைகளின் நாடு. அந்த ‘நாம்’ தம்மையும் சேர்த்துக்கொள்வதாக இருந்தால், தம் செவியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர் சொல்லாமல் சொன்னது.

மேடையில் நின்று இதையே கேட்டவர் ஒருவர் உண்டு. பிரெடெரிக் டக்ளஸ். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி, எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் உயர்ந்தவர். 1852இல் ராச்செஸ்டர் நகரத்தில் விடுதலை நாளையொட்டிப் பேச அவரை அழைத்தார்கள். அவர் பேசியது ஜூலை 4இல் அன்று, 5ஆம் நாள். நாட்டைத் தோற்றுவித்தவர்களை முதலில் மனமாரப் பாராட்டினார். அவர்கள் துணிவு மிக்கவர்கள் என்றார். ஆனால் ஒரு சொல்லில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் முன்னோர், உங்கள் விடுதலை, உங்கள் நாள் என்றே சொல்லி வந்தார். ‘நம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவை குளிர்ந்திருக்கும். அவர் சொல்லவில்லை. பிறகு, ஓர் அடிமைக்கு உங்கள் ஜூலை நான்கு எத்தகைய நாள் என்று கேட்டார். அப்போது அந்நாட்டில் முப்பது இலட்சம் பேருக்கு மேல் அடிமைகளாக இருந்தனர். விடுதலையின் தலைநகராகிய வாஷிங்டனிலேயே அடிமைமுறை 1862 ஏப்ரலில்தான் ஒழிந்தது.

அந்த உரையைப் பழிப்புரை என்று எண்ணுவோர் உண்டு. எனக்கு அது வாழ்த்துரைகளுள் தலைசிறந்ததாகத் தோன்றுகிறது. சாற்றுரையைக் கிழித்தெறி என்று அவர் சொல்லவில்லை, அதில் உள்ளதை நடத்திக் காட்டு என்றார், நம்பிக்கையோடுதான் முடித்தார். ஒருவனை உயர்வாக மதித்தால் அல்லவா அவன் கொடுத்த வாக்கை நினைவூட்டுவோம்! பிற்காலத்தில் வாஷிங்டனில் ஒரு குன்றின்மேல் வீடு கொண்டு, 1895இல் அங்கேயே மறைந்தார். நான் ஜூலை 5 அன்று அந்த வீட்டின் முன் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அப்பால் நகரம் விரிந்து தெரிகிறது. நாடாளுமன்றக் குவிமாடம் தெரிகிறது; நினைவுத்தூண் தெரிகிறது. முந்தைய இரவின் புகை கலைந்துபோயிருந்தது. அவர் வினா மட்டும் கலையாமல் அங்கே நின்றதாக உணர்ந்தேன்.

அந்த வினாவுக்கு விடையும் அதே நீர்த்தடாகத்தின் ஓரத்தில் சிறிது சிறிதாகவே வந்தது. 1939இல் மேரியன் ஆன்டர்சன் என்னும் பெரும் பாடகிக்கு, கறுப்பினத்தவர் என்பதால் நகரின் பெரிய அரங்கம் மறுக்கப்பட்டது. ஏப்ரல் 9, ஈஸ்டர் நாளில், லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று அவர் பாடினார். முதற்பாட்டு நாட்டுப்பற்றுப் பாட்டு. அதில் ‘நான்’ என்று வரும் ஓரிடத்தை ‘நாங்கள்’ என்று பொருள்படும் அதே ஆங்கிலச் சொல்லாக மாற்றிப் பாடினார் என்பது புகழ்பெற்ற செய்தி. நாமா, நாங்களா என்று அவர் விளக்கவில்லை. கேட்டவர்கள் தத்தம் நெஞ்சுக்கேற்பப் பொருள்கொண்டார்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று அதே படிகளில் மார்ட்டின் லூதர் கிங் பேசியபோது, அந்தத் தடாகத்தின் இருமருங்கிலும் ஏறத்தாழ 2,50,000 பேர் நின்றார்கள். வாணம் எதுவும் விடப்படவில்லை. பட்டப்பகல். ஆனாலும் அந்நாட்டின் ‘நாம்’ அன்று ஒரு முழம் அகன்றது.

கவிஞர் பெருமக்களே, இவ்வளவும் எதற்காகச் சொன்னேன் என்றால், நம் வட்டமும் இன்று வாணம் விடுகிற நாளில் இருக்கிறது. பத்தாண்டு நிறைந்தது, மலர் வெளிவருகிறது, பிற்பகலில் கவியரங்கம் இருக்கிறது. கவியரங்கக் கவிதைக்கும் வாணத்துக்கும் உறவு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஏறும், ஒரு கணம் நிறுத்தும், வெடிக்கும், ‘ஓ’ என்று அவை எழும், ‘மீண்டும் ஒருமுறை’ என்று குரல் வரும். அதில் தவறு இல்லை. மக்கள் ஒரே நேரத்தில் ஒரே திசையில் அண்ணாந்து பார்ப்பது சிறிய காரியம் அன்று. வாணவேடிக்கையைக் கண்டு முகம் சுளிக்கிற அறிவாளியாக இருக்க எனக்கு விருப்பம் இல்லை. அந்த மேட்டுச் சரிவில் முறுக்கும் தர்ப்பூசணியும் கைமாறிய நேரம் பொய்யான நேரம் அன்று.

என் வேண்டுகோள் ஒன்றே. விழாக் கவிதையில் நாம் மிகத் தாராளமாக வழங்குகிற சொல் ‘நாம்’ என்பதுதான். நம் இனம், நம் மொழி, நம் மண், நம் வெற்றி. அந்தச் சொல்லை எழுதும்போது பேனாவை ஒரு நொடி நிறுத்துங்கள். ஒளிக்கும் ஓசைக்கும் இடையே இரண்டு நொடி இருக்கிறதே, அவ்வளவு போதும். இந்த வரியை ஓசையடைத்துப் பார்க்கிற ஒருவர் எங்கேனும் இருக்கிறாரா? வைக்கோற் போர் எரிந்தவன் இதற்குள் இருக்கிறானா? நம் ஊரிலேயே இந்த ‘நம்’ என்னும் சொல் யாருடைய தெருவரை போகிறது, எந்தத் தெருமுனையில் திரும்பி வந்துவிடுகிறது? விடை கசப்பாக இருந்தால், அந்த இடத்தில் ‘நாங்கள்’ என்றே எழுதுங்கள். நேர்மையான ‘நாங்கள்’, பொய்யான ‘நாம்’ என்பதைக் காட்டிலும் மேலானது. டக்ளஸ் ‘உங்கள்’ என்றதுபோல அது கேட்பவரைச் சுடும். சுட்ட பிறகு சேர்க்கும். இரண்டு சொல்லையும் தனித்தனியே வைத்திருக்கிற மொழியில் பிறந்தவர்கள் நாம். வேறு பல மொழிக் கவிஞர்களுக்கு இல்லாத கருவி இது. அதை மழுங்கவிடலாமா?

பத்தாண்டுகளாக இந்த வட்டம் யாரையும் வாயிலில் நிறுத்திப் பெயர் கேட்டதில்லை. கைத்தறி நெய்பவரும் கல்லூரிப் பேராசிரியரும் ஒரே விரிப்பில் அமர்ந்து கவிதை படித்திருக்கிறார்கள். பின்வரிசையில் அமைதியாகக் கேட்டுவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து போகிறவர்களும் இங்கே உண்டு. அடுத்த பத்தாண்டில் அவர்கள் எழுந்து பேசட்டும். பேசும்போது ‘உங்கள் வட்டம்’ என்று தொடங்கினாலும் பொறுமையோடு கேட்போம். பேசி முடிக்கும்போது ‘நம் வட்டம்’ என்று அவர்கள் வாயில் வருமானால், அதுவே இந்த வட்டத்துக்கு வாய்க்கும் விழா.